சுகர் நார்மல்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் சௌக்கியமா? இங்கே நாங்கள் சௌக்கியம் என்று எழுதித்தான் கைக்குப் பழக்கம். இந்தத் தடவை அந்த வரியில் பாதிதான் எழுத முடியும். உன் அத்தான் சௌக்கியம். எனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள்.

மணிக்கட்டில் அடுப்புத் தட்டு சுட்ட புண்ணில் ஆரம்பித்தது. பேக்கரி நடத்துகிறவளுக்குச் சூடு படுவது புதிதா என்ன? ஆனால் இது ஆறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மருந்துக் கடைக்காரர் கொடுத்த களிம்பெல்லாம் தீர்ந்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். அவர் புண்ணைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "என்ன தொழில் பண்றீங்கம்மா?" என்றார்.

"பேக்கரி வச்சிருக்கோம் சார். கேக்கு, பன்னு, பிஸ்கட்டு."

மனுஷர் சிரிக்கவில்லை. ஆனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

போனில் உன்னிடம் பேசச் சொன்னார் உன் அத்தான். மாவு பிசையும் மெஷின் பக்கத்தில் ஆயுசெல்லாம் நின்று இந்தக் காது போயே போய்விட்டது. நான் "ஆங்? ஆங்?" என்று கேட்க, நீ அங்கே தெருவுக்கே கேட்கிற மாதிரி என் சர்க்கரையைக் கத்த, தேவையா? அதனால் வழக்கம்போல் கடிதம்.

உனக்கு இது வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அன்றைக்கு நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்றுகூட நினைவில்லை. "பாத்துக்கோடா" என்றிருப்பேன். இப்போது நான் கேட்கிறேன், எப்படிப் பார்த்துக்கொண்டாய்? எப்படி இருந்தாய்? மறைக்காமல் எழுது.

பஸ்ஸை நிதானமாக ஓட்டு. உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். இருவரும் உடம்பைக் கவனியுங்கள்.

அன்புடன்,
அக்கா

*

ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம்.

பயப்படாதே. எனக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது, நான் இருக்கிறேன் அல்லவா? முதலில் புண்ணைக் கவனி. சுத்தமாக வை, டாக்டர் தந்ததை மட்டும் போடு. மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிடு. பயந்துபோய்ப் பட்டினி கிடக்காதே. சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் அப்போது உடனே கொஞ்சம் சர்க்கரையை வாயில் போட வேண்டும், யோசிக்கக் கூடாது. வெறுங்காலோடு அடுப்பறையில் நிற்காதே. படுக்கும் முன் பாதத்தைப் பார். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார். வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டு. நட.

எனக்குப் போன வருஷத்துக்கு முந்தின வருஷத்திலிருந்து ஊசி. நானே வயிற்றில் போட்டுக்கொள்கிறேன். வலிக்காது. பழகிவிட்டது.

வண்டி ஓடுகிறது. கடற்கரைச் சாலையில் இப்போது காற்று அதிகம். பாலத்தில் ஏறும்போது வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எப்படி இருந்தாய் என்று கேட்டிருக்கிறாய். சொன்னதைச் செய்தேன், அவ்வளவுதான். இது வேண்டும், அது வேண்டும் என்று மனசு கேட்கும். கொஞ்ச காலம் பதில் சொல்லாமல் விட்டால் அதுவே கேட்பதை நிறுத்திவிடும்.

அத்தானுக்கு என் வணக்கம். அடுத்த தடவை ரத்தம் பார்த்ததும் எவ்வளவு என்று எழுது.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் பாடப் புத்தகம் மாதிரி இருந்தது. அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். உங்கள் இருவர் உடம்பும் தேவலையா? என் புண் ஓரங்களில் மூடி வருகிறது. சர்க்கரை இறங்கியிருக்கிறது, ஆனால் டாக்டர் முகம் மலர்கிற அளவுக்கு இல்லை.

மனசு கேட்பதை நிறுத்திவிடும் என்று எழுதியிருந்தாய். என் மனசு நிறுத்துகிற வழியாகத் தெரியவில்லை. காலையில் முதல் தட்டு பன் வெளியே வரும்போது வருகிற அந்த வாசனை இருக்கிறதே, அதற்கு ரத்தப் பரிசோதனை வைத்தால் எனக்கு அதிலேயே ஏறியிருக்கும்.

பெரிய சங்கடம், ருசி பார்ப்பது. கேக் மாவை நாக்கில் வைத்துத்தான் எனக்குக் கணக்கு. இப்போது ருசி பார்த்துவிட்டுத் துப்புகிறேன். கடைக்கு வந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே போய்விட்டாள். சரி, உன் அத்தானைப் பார்க்கச் சொன்னால், எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு." போன வாரம் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. அதற்கும் "நல்லாருக்கு." என்னைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் அவர் சொன்ன "நல்லாருக்கு" எல்லாவற்றிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

உணவு ஆலோசனை சொல்கிற பெண்ணிடம் சண்டை போட்டேன். "எல்லாத்தையும் எடுத்துட்டா நான் எதுக்கும்மா எந்திரிக்கிறது?" என்றேன். சின்னப் பெண், நல்ல பெண். "எல்லாத்தையும் எடுக்கச் சொல்லலையே. அளவு போட்டுத் தர்றேன், வாங்க உக்காரலாம்" என்றாள். வாரத்தில் ஒருநாள், மற்றதைக் குறைத்துக்கொண்டால், விரல் அகலக் கேக் துண்டு ஒன்றுக்கு இடம் இருக்கிறதாம். அந்த நாளுக்காக மற்ற நாளையெல்லாம் தள்ளுகிறேன்.

தம்பி, உனக்கு இதில் எரிச்சலே வந்ததில்லையா? நீ சின்ன வயதில் பந்தாட்டத்தில் தோற்றால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டாய். போன கடிதத்தில் ஒரு வேடிக்கைகூட இல்லை. உன் கண்டக்டர் தூக்கத்தில் டிக்கெட் கிழிப்பாரே, அவர் எப்படி இருக்கிறார்? எழுது.

சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இரு. வீட்டில் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நலம்.

புண் மூடுவது நல்லது. காய்ந்துவிட்டது என்று கட்டை எடுத்துவிடாதே.

என் மூன்று மாதச் சராசரி நார்மலுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. டாக்டர் என் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, காத்திருந்தவர்களிடம், "இவரைப் பாத்துக் கத்துக்குங்க" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்டக்டர் நன்றாக இருக்கிறார்.

வழியில் மழை. வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. வீட்டில் இருக்கும்போது தூக்கம் நிறைய வருகிறது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி

*

ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் ரிப்போர்ட் சேதியை உன் அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். "பாரு, உன் தம்பி எப்படி இருக்கான்" என்று எனக்குத்தான் குத்தல் விழுந்தது. பொறாமையாக இருக்கிறது, போ. டாக்டர் பாராட்டினால் நான் கடைவாசலில் போர்டு எழுதி மாட்டியிருப்பேன். நீ ஒரு வரியோடு முடித்துவிட்டாய்.

ஒரு யோசனை. அடுத்த மாதம் அடுப்பைப் பழுது பார்க்க ஆள் வருகிறான், ஒரு வாரம் கடை மூடல். அந்த வாரம் உங்களைப் பார்க்க வருகிறோம். ரயில் வேண்டாம், உன் பஸ்ஸிலேயே வருகிறோம். நீ இந்தப் பக்கம் வண்டி எடுத்துக்கொண்டு வருகிற நாள் எது என்று மட்டும் எழுது. உனக்குப் பின்னாலேயே முதல் சீட்டில் உட்கார்ந்து, நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்தேனே, அது மாதிரி வர வேண்டும். அன்றைக்கு இறங்கும்போது பக்கத்தில் இருந்தவளிடம், "டிரைவர் என் தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நீ காதில் விழாத மாதிரி ஹாரனை அடித்தாய்.

டூட்டி நாளைச் சீக்கிரம் எழுது, அடுப்புக்காரனிடம் தேதி சொல்ல வேண்டும். உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

நலம். நலமாக இருக்கவும்.

டூட்டி மாறிக்கொண்டே இருக்கிறது, எந்த நாள் என்று சொல்ல முடியாது. வெயிலும் அதிகம். இப்போது வர வேண்டாம். பிறகு பார்க்கலாம்.

தம்பி

*

மே 6

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலம் என்றுதான் எழுதியிருக்கிறாய்.

உன் தபால் அட்டையை உன் அத்தானிடம் காட்டவில்லை. அடுப்புக்காரனை வேறு மாதம் வரச் சொல்லிவிட்டு, அவனே தள்ளிப்போட்டான் என்று பொய் சொன்னேன். அக்கா வருகிறேன் என்று எழுதினால் வெயில் அதிகம் என்று பதில் போடுகிற தம்பியை நான் வளர்க்கவில்லை. எனக்கென்ன, வெயில் புதிதா? நாள் முழுக்க அடுப்பு வாயில் நிற்கிறவள்.

நான் வந்தால் உங்களுக்கு இடைஞ்சல் என்றால் நேராக எழுதியிருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்தைக் கோபத்தில் எழுதிவிட்டேன். தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போதே எடுத்துவிடலாமா என்று இருந்தது, பெட்டிக்குள் கை போகாது. நீ பதில் போடவில்லை. கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுது. திட்டி எழுது. வெற்றுத் தாளை மடித்து அனுப்பினாலும் உன் கையால் ஒட்டிய கவர் என்று வாங்கிக்கொள்வேன்.

நீ எப்படி இருக்கிறாய்?

அக்கா

*

ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். நீங்கள் பதறாமல் இருக்க முதலிலேயே எழுதிவிடுகிறேன்: அவர் பிழைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நேற்றிலிருந்து கண் திறந்து பேசுகிறார்.

உங்களிடம் மறைத்ததை எழுதுகிறேன். அவர் பஸ் ஓட்டி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஊசி போட ஆரம்பித்ததும், ஊசி போடுகிறவர் பெரிய வண்டி ஓட்டக் கூடாது என்று விதி இருப்பதாகச் சொல்லிக் கீழே இறக்கிவிட்டார்கள். சம்பளத்தைக் குறைக்கவில்லை. பஸ் நிலையத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது கிளம்புகிறது என்று மைக்கில் சொல்கிற வேலை கொடுத்தார்கள். "அக்காவுக்கு எழுத வேணாம், நானே சொல்லிக்கிறேன்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

முதலில் போய்க்கொண்டுதான் இருந்தார். பிப்ரவரிக்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு சுத்தமாகப் போகவில்லை. மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் விட்டுவிடுவார். ரேடியோ கேட்பதில்லை. சேவிங் செய்வதில்லை. குளிக்கச் சொன்னால் குளிப்பார். என் மேல் எரிந்து விழுந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அண்ணி, அதுவும் இல்லை. ஆனால் நடைக்குப் போகச் சொன்னால் போவார், இதைத் தொடாதீர்கள் என்றால் தொட மாட்டார். சர்க்கரை அளவு அப்படி நன்றாக இருந்தது. டாக்டரும் மெச்சினார். நானும் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்த கண், மனுஷர் முகத்தைப் பார்க்கவில்லை. சுகர் நார்மல் ஆனது, வீட்டில் மனுஷர் இல்லாமல் போனார்.

நீங்கள் அவர் பஸ்ஸில் வருகிறேன் என்று எழுதியதும் அந்தக் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். "உண்மையச் சொல்லிடுங்களேன்" என்றேன். "என்னன்னு சொல்றது?" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

மே மாதக் கடைசியில் தண்ணீராகக் குடித்தார். எழுந்து நடக்கச் சுவரைப் பிடித்தார். வெயில் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் கூப்பிடக் கூப்பிட எழவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த மிஷினில் எண்ணே வரவில்லை, அளக்க முடியாத அளவு ஏறியிருந்தது. ஊசியை அவரேதான் போட்டுக்கொள்வார், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. வெகு நாட்களாகப் போடவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. கேட்டால், "மறந்துட்டேன்" என்கிறார்.

நீங்கள் வாருங்கள் அண்ணி. வெயில் ஒன்றும் அதிகமில்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

*

ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது, கால் வீக்கம் வடிந்ததா? உன் அத்தான் நான் இல்லாத நாட்களில் கடையைத் தனியாளாக நடத்தியிருக்கிறார். நாலு வாடிக்கையாளர் குறைந்திருக்கிறார்கள். எல்லாம் நல்லாருக்காம்.

அங்கே இருந்தபோது உனக்கு நான் ஒரு புத்தியும் சொல்லவில்லை. என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய விரதம் என்று உனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லாத சிலதை எழுதுகிறேன்.

நீ தூங்கும்போது அந்தப் பெரிய டாக்டரை வராந்தாவில் பிடித்தேன். "இவன் சோம்பேறி இல்ல சார், பயந்தவனும் இல்ல" என்றேன். என் காதுக்காக அவர் உரக்கச் சொன்னார்: "சோம்பல்னு யாரும்மா சொன்னா? இது மனச்சோர்வு. அதுவும் ஒரு வியாதிதான். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு நிறைய வருது. நாங்க ரத்தத்தப் பாக்குறோம், அதோட விட்டுடறோம்." போகிற வருகிற நர்சுகள் எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும். உனக்கு மனநல டாக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தது அதன் பிறகுதான்.

இன்னொன்று. நான் கிளம்புவதற்கு முன்னால் டவுன் பஸ்ஸில் உன்னை அழைத்துப் போனேனே, மாத்திரை வாங்க. நீ வேண்டாம் வேண்டாம் என்று வந்து டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாய். ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும், அந்த டிரைவர் பிரேக்கை மிதிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உன் வலது கால் தரையை அழுத்தியது. ஒரு வளைவில் அவன் வேகமாகத் திருப்பினான், நீ "ச்சை" என்றாய். நான் வந்ததிலிருந்து உன் வாயில் நான் கேட்காமலே வந்த முதல் வார்த்தை அது. உனக்குத் தெரிந்திருக்காது, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மூன்றாவது என்னைப் பற்றி. ஜனவரியில் உனக்கு வேடிக்கையாக எழுதினேன். எழுதி முடித்துவிட்டு மாவு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகும் சில நாள். உன் அத்தானிடம் மூக்கில் மாவு போய்விட்டது என்றேன். நீ நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய், எனக்குத்தான் துப்பில்லை என்று நினைத்தேன். நீ அங்கே என்ன நினைத்துக்கொண்டு இருந்தாயோ.

பதில் எழுத முடிந்தால் எழுது. முடியாவிட்டால் உன் வீட்டுக்காரி எழுதுவாள், நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். அவளையும் கவனி, மெலிந்துவிட்டாள்.

அன்புடன்,
அக்கா

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? கால் வீக்கம் இல்லை. இந்தக் கடிதத்தை இது மூன்றாவது தடவை எழுதுகிறேன்.

ஊசி மறந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். மறக்கவில்லை. உன்னிடம் சொல்லிவிட வேண்டும். சாக வேண்டும் என்றும் நினைக்கவில்லை. காலையில் அந்தப் பேனா ஊசியைக் கையில் எடுப்பேன். இதைப் போட்டால் இன்றைய நாள் நடக்கும், நாளைக்கும் வரும் என்று தோன்றும். நாளையை வரவழைக்க எனக்கு இஷ்டமில்லை. திரும்ப வைத்துவிடுவேன். அவ்வளவுதான் யோசனை. நீ வருகிறேன் என்று எழுதியதால்தான் என்று நீயாக எதையாவது கட்டிக்கொள்ளாதே. அதற்கு ரொம்ப முன்னாலேயே நான் அப்படி ஆகிவிட்டேன்.

அந்தக் கண்ணாடி அறையில் நான் ஓட்டின வண்டியை நானே கூப்பிட வேண்டும். "கடற்கரைச் சாலை வழியாகச் செல்லும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." வேறொருவன் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்புவான். நான் அடுத்த வண்டியைச் சொல்வேன். பாலத்துக் காற்று என்று உனக்கு எழுதினேனே, அது இரண்டு வருஷத்துக்கு முந்தின காற்று. உனக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் நான் டிரைவராக இருந்தேன்.

மாதிரி நோயாளி என்றார்களே, அது ஒன்றும் கஷ்டமே இல்லை அக்கா. எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டவனுக்குப் பத்தியம் என்ன பெரிய விஷயம்?

இப்போது புது மாத்திரை ஒன்று. முதல் வாரங்களில் வாய் உலர்ந்தது, வேறு வித்தியாசம் தெரியவில்லை. நிறுத்திவிடுகிறேன் என்றேன், பொறுக்கச் சொன்னார்கள். வாரம் ஒருமுறை ஒரு அம்மாளிடம் போய்ப் பேச வேண்டும். முதல் தடவை "நல்லாருக்கேன்" என்றேன். அந்த அம்மாள், "சரி, அப்ப நல்லா இல்லாதப்ப எப்படி இருப்பீங்க?" என்றாள். அதையே வீட்டுக்கு வந்து இவளிடம் கேட்டேன். இவள் சொல்லச் சொல்ல யாரோ ஒருவனைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தது.

இவளையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். என் தட்டை இனி அவள் பார்க்க மாட்டாள், நான் ஊசி போட்டேனா இல்லையா என்று உண்மையைச் சொல்வேன் என்று ஒப்பந்தம். அவளுக்குத்தான் கஷ்டம், கண் தானாகத் தட்டுக்குப் போகிறது. பாவம், சாப்பிடும்போது ஜன்னலைப் பார்க்கிறாள்.

எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. போன செவ்வாய்க்கிழமை எழவே முடியவில்லை. புதன்கிழமை எழுந்து சேவிங் செய்தேன். இப்போதைக்கு எழுத இருப்பது இதுதான்.

நீ மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் இனி எனக்கு எழுது. புண் முழுக்க ஆறிவிட்டதா?

அன்புடன்,
தம்பி

*

அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வருவதற்குள் அடுத்ததை எழுதுகிறேன். அங்கே எல்லோரும் நலமா? நான் பரவாயில்லை. சர்க்கரை போன மாதத்தைவிட ஏறியிருக்கிறது, டாக்டர் இந்தத் தடவை என்னை யாருக்கும் காட்டவில்லை. ஊசியைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார். "தூக்கம் எப்படி? மனசு எப்படி?" என்று கேட்டார். கேட்க ஆரம்பித்திருக்கிறார்.

மாத ஆரம்பத்திலிருந்து வேலைக்குப் போகிறேன். அதே கண்ணாடி அறை, அதே மைக். விதியை மாற்ற மாட்டார்கள், நான் இனி பஸ் ஓட்டப்போவதில்லை. அந்த அம்மாளிடம் இதை வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கு நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு பசித்தது, எழுந்து வந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் சாயங்காலம் நல்ல கூட்டம். ஒரு ஆள், இடுப்பில் குழந்தை, கையில் பெட்டி, நாலாம் நடைமேடைக்கு ஓடி வருகிறான். வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. அந்த டிரைவர், புதுப் பையன், கண்ணாடியில் அவனைப் பார்த்தான். நான் பார்த்தேன், அவன் பார்த்ததை. பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். குழந்தையின் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது.

மைக் திறந்துதான் இருந்தது. எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"ஏய் நாலாம் நம்பரு! நிறுத்துடா வண்டிய! கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு, தல சீவவா? டயம் ஆகல, குழந்தையோட ஓடி வர்றான், கண்ணு அவிஞ்சா போச்சு?"

பஸ் நிலையம் மொத்தமும் கேட்டது. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன் கையை நிறுத்திவிட்டான். வண்டி நின்றது. அந்த ஆள் ஏறினான். யாரோ செருப்பை எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள். டிரைவர் இறங்கி நேராக என் அறைக்கு வந்தான்.

"யோவ், யாரப் பாத்து டா போடுற?"

"உன்னத்தான். நான் ஓட்டின வண்டிடா அது. பாத்துக்கிட்டே ஒரு ஆள விட்டுட்டுப் போனதில்ல."

"நீ ஓட்டின காலம் முடிஞ்சுபோச்சு, பெருசு."

"முடிஞ்சுபோச்சுதான். உனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, போ."

கை கலப்பு வரைக்கும் போக இருந்தது, கண்டக்டர்கள் வந்து பிரித்துவிட்டார்கள். இந்தச் சண்டையும் மைக்கில் போய்க்கொண்டிருந்தது என்று பிறகுதான் கவனித்தேன்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு மெமோ கொடுத்தார். பொது ஒலிபெருக்கியில் தகாத வார்த்தைகளைப் பயன்படுத்திய குற்றம். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து இவளிடம் நீட்டினேன். படித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இரண்டும்தான். "நெஜமாவே கத்துனீங்களா? நீங்களா? எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சொன்னதையெல்லாம் வார்த்தை விடாமல் நடித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன். ஊசியும் போட்டேன். இன்றைக்குக் காலையில் மறுபடி கொஞ்சம் பாரமாகத்தான் இருக்கிறது, ஆனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீயும் அத்தானும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். அடுப்பு வேலை எப்போது என்று எழுது. ரயிலிலோ பஸ்ஸிலோ எதில் வந்தாலும் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன்.

கடிதத்தை முடித்துவிட்டு மெமோவுக்குப் பதில் எழுத வேண்டும். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து ஒரு வரி கொடுத்தால் போதும், விட்டுவிடுகிறேன் என்கிறார் மேலாளர். நல்ல மனுஷர். நானும் காலையிலிருந்து பேனாவை வைத்துக்கொண்டு பார்க்கிறேன். எவ்வளவு தேடினாலும் அக்கா, இதில் எனக்கு வருத்தமே இல்லை.

அன்புடன்,
தம்பி